அட்டிலாவின் மனைவிகளும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டிலா என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல்யாண ராத்திரியில் செத்துப்போன கதைதான். அடுத்தது, ஒரு ரோமானிய இளவரசி மோதிரம் அனுப்பிக் கூப்பிட்ட கதை. இரண்டும் சுவையானவை, இரண்டுக்கும் ஆதாரமும் உண்டு. ஆனால் இந்த இரண்டிலும் அவனுடைய வீடு எப்படி இருந்தது என்று தெரியாது. வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஹெரேக்கா என்ற மனைவியிடமும், அவன் அண்ணனின் விதவையிடமும்தான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அட்டிலா யார்? எந்தக் காலம்?

ஹூணர்களின் அரசன். கி.பி. 430களின் நடுவில் அண்ணன் ப்ளேடாவோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தான். 445 வாக்கில் தனி அரசனானான். 453இல் இறந்தான். டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, இன்றைய ஹங்கேரிச் சமவெளிதான் அவனுடைய மையம். கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிழக்கு ரோமானியப் பேரரசு அவனுக்கு வருஷா வருஷம் தங்கம் கட்டியது. முதலில் 350 பவுண்டாக இருந்தது, 435 ஒப்பந்தத்தில் 700 ஆனது, 440களில் 2,100 வரை போனது.

அவன் குடும்பத்தைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்?

ஹூணர்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் கண்வழி. அவர் பெயர் ப்ரிஸ்கஸ், த்ரேஸ் பகுதியில் பானியம் என்ற ஊர்க்காரர். 449இல் கிழக்குப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அனுப்பிய தூதுக்குழுவில், தலைவர் மாக்சிமினஸுக்குத் துணையாகப் போனார். அட்டிலாவின் தலைமை ஊரில் தங்கி, விருந்தில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதினார். அவர் எழுதிய வரலாறு முழுதாகக் கிடைக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தொகுத்த பகுதிகளிலும், 551 வாக்கில் யோர்தானஸ் லத்தீனில் எழுதிய, கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் வரலாற்றிலும் துண்டு துண்டாக வாழ்கிறது.

ப்ரிஸ்கஸ் நல்ல சாட்சி. வெறுப்பைக் கொட்டாமல் கவனித்து எழுதுகிறார், தரையில் விரித்த விரிப்பைக்கூட விடுவதில்லை. ஆனாலும் அவர் விருந்தாளி; உள்வீட்டுச் சங்கதி எவ்வளவு அவர் காதுக்கு வந்திருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

பிறந்த வீடு எப்படிப்பட்டது?

அப்பா பெயர் முண்ட்சுக். அம்மாவின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாவுக்குச் சகோதரர்கள் உண்டு: ஒக்டார், ருகா ஆகியோர் ஆட்சி செய்தவர்கள். ஓயெபார்சியஸ் என்ற இன்னொரு சகோதரர் 449இல்கூட உயிரோடு இருந்தார். ருகா இறந்த பிறகுதான் ஆட்சி ப்ளேடா, அட்டிலா சகோதரர்கள் கைக்கு வந்தது. ஆட்சி குடும்பச் சொத்து. பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி என்று கைமாறும், பங்கும் போடுவார்கள். அதனால் அரச ரத்தம் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நாள் போட்டிக்கு வரக்கூடியவர்தான்.

அப்படிப்பட்டவர்கள் ரோமானியர் பக்கம் ஓடிவிடுவதும் உண்டு. 435இல் மார்கஸ் என்ற இடத்தில் ஒப்பந்தம் போட்டபோது, ஓடிவந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று சகோதரர்கள் கறாராக எழுதி வாங்கினார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் மாமா, அட்டகாம் என்று இருவர், ஹூண அரச குலத்துப் பிள்ளைகள். கையில் கிடைத்த இடத்திலேயே, த்ரேஸில் கார்சம் என்ற ஊரில், இருவரையும் சிலுவையில் அறைந்தார்கள். பின்னால் அட்டிலா தன் கடைசி மகனைக் கொஞ்சுவதைப் படிக்கும்போது இந்த இருவரையும் மறந்துவிடக் கூடாது.

அண்ணனைக் கொன்றது உண்மையா?

ஆம் என்றே பழைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். 445ஐ ஒட்டி ப்ளேடா செத்தான், சூழ்ச்சி செய்தது தம்பி. சண்டைக்கு என்ன காரணம் என்று எவரும் விளக்கவில்லை. இரண்டு பேர் உட்கார முடியாத ஆசனம் என்பதே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் ப்ளேடாவின் மனைவிகள் என்ன ஆனார்கள்?

இங்கேதான் ஒரு ஆச்சரியம். கணவனைக் கொன்றவன் ஆட்சியில், ப்ளேடாவின் மனைவிகளில் ஒருத்தி ஒரு கிராமத்தையே ஆண்டுகொண்டிருந்தாள். நான்கு ஆண்டு கழித்து ப்ரிஸ்கஸ் அவளைப் பார்க்கிறார்.

தூதுக்குழு ஒரு நீர்நிலைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தது. ராத்திரி திடீரென்று புயலும் மழையும் இடியும். கூடாரம் கவிழ்ந்து, சாமான்கள் தண்ணீரில் போய் விழுந்தன. இருட்டில் கத்திக்கொண்டே கிராமத்துக்குள் ஓடினார்கள். குடிசைகளிலிருந்து ஹூணர்கள் நாணலைக் கொளுத்திக்கொண்டு வெளியே வந்து, விஷயம் தெரிந்ததும் உள்ளே அழைத்துப்போய்க் குளிர் காய வைத்தார்கள். அந்த ஊரின் தலைவிதான் ப்ளேடாவின் விதவை. அவள் சாப்பாடு அனுப்பினாள். கூடவே அழகான பெண்களையும் அனுப்பினாள். விருந்தாளிக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. தூதர்கள் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுத்துவிட்டதாக ப்ரிஸ்கஸ் எழுதுகிறார்.

மறுநாள் நன்றி சொல்லப் போனபோது பரிசாக என்ன கொண்டுபோனார்கள் தெரியுமா? மூன்று வெள்ளிக் கிண்ணங்கள், சிவப்புத் தோல்கள், பேரீச்சம்பழம், அப்புறம் இந்திய மிளகு. அன்றைக்கு ரோமானியர் கைக்குப் போன மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் விளைந்தது. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத்திய அரசன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று. ஹூண விதவை ஒருத்தியின் அடுக்களைக்கு அது போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. ஹூணர்களிடம் கிடைக்காத பொருள்கள் என்பதால் இவற்றுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்று ப்ரிஸ்கஸே சொல்கிறார்.

அட்டிலாவுக்கு மொத்தம் எத்தனை மனைவிகள்?

எண்ணிக்கை எங்கும் இல்லை. 'மிகப் பல மனைவிகள்' என்கிறார் ப்ரிஸ்கஸ். கணக்கில்லாதவர்கள் என்கிறார் யோர்தானஸ். பெயரோடு தெரிபவர்கள் ஹெரேக்கா, எஸ்காம் தொடர்பான ஒரு பெண், கடைசி மனைவி இல்டிகோ, இவ்வளவுதான். மோதிரம் அனுப்பிய ரோமானிய இளவரசி ஹொனோரியாவை இதில் சேர்க்க முடியாது. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. இணையத்தில் 'அட்டிலாவின் 300 மனைவிகள்' என்பது போன்ற எண்களைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

பட்டத்தரசி என்று யாராவது இருந்தார்களா?

அந்த இடத்துக்கு மிக அருகில் வருபவள் ஹெரேக்கா. கையெழுத்துப் பிரதிகளில் க்ரேக்கா, ரெக்கான் என்றெல்லாமும் வரும். அட்டிலாவுக்கு மூன்று பிள்ளைகளைப் பெற்றவள். மூத்த மகன் எல்லாக் அவள் வயிற்றுப் பிள்ளை. 449இலேயே அந்தப் பையனுக்குக் கருங்கடல் ஓரத்து அகாட்சிரி மக்களை ஆளும் பொறுப்பு கிடைத்திருந்தது. (அங்கே போன இடத்தில் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான் என்பதையும் ப்ரிஸ்கஸ் விடாமல் எழுதுகிறார்.)

பரிசுப் பொருள்களோடு ப்ரிஸ்கஸ் அவள் வீட்டுக்குப் போனார். மர வேலியால் சுற்றி வளைத்த பெரிய வளாகம் அது. உள்ளே நிறைய கட்டடங்கள். சில செதுக்கு வேலை செய்த பலகைகளைப் பொருத்திக் கட்டியவை, சில இழைத்த மரத்தால் ஆனவை. வாசலில் நின்ற காவலர்கள் விட்ட பிறகு உள்ளே போனால், ஹெரேக்கா மெத்தென்ற விரிப்பில் சாய்ந்திருந்தாள். தரை முழுக்கக் கம்பளி விரிப்பு, அதன்மேல்தான் நடக்க வேண்டும். சுற்றிலும் வேலையாட்கள் நின்றார்கள். எதிரே தரையில் உட்கார்ந்த பணிப்பெண்கள் மெல்லிய துணிகளில் வண்ண நூலால் பூவேலை செய்துகொண்டிருந்தார்கள். உடைமேல் அழகுக்குப் போட்டுக்கொள்ளும் துணிகள் அவை. ப்ரிஸ்கஸ் வணக்கம் சொல்லிப் பரிசுகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான் சந்திப்பு. அவள் என்ன பேசினாள் என்று ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது முறையும் ஹெரேக்கா வருகிறாள், இந்தத் தடவை விருந்து கொடுப்பவளாக. அவளுடைய காரியங்களைப் பார்த்துக்கொண்ட அடாமிஸ் என்பவரின் வீட்டில் தூதர்களுக்குச் சாப்பாடு. ஒவ்வொருவராக எழுந்து வந்து, நிறைந்த கோப்பையைக் கொடுத்து, குடித்து முடித்ததும் கட்டி முத்தமிட்டுக் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அவளுக்கென்று தனி வீடு, ஆட்கள், காரியஸ்தர் என்று எல்லாம் இருந்தன. வெளிநாட்டுத் தூதர்களை அவளே வரவழைத்து விருந்து கொடுக்க முடிந்தது, தூதர்களும் அவளைத் தனியே பார்த்துப் பரிசு கொடுப்பதை அவசியம் என்று நினைத்தார்கள். பல மனைவிகள் என்றதும் ஒரே அந்தப்புரத்தில் எல்லோரையும் அடைத்து வைத்த காட்சி நமக்குத் தோன்றும். ப்ரிஸ்கஸ் காட்டுவது அதுவல்ல.

மற்ற ஹூணப் பெண்களும் வெளியே வருவார்களா?

அட்டிலா தன் ஊருக்குள் நுழைந்த நாளைப் பாருங்கள். எதிர்கொண்டு அழைக்க இளம்பெண்கள் வரிசையாக வந்தார்கள். நீளமான வெள்ளைத் துணிகளை இருபுறமும் பெண்கள் உயர்த்திப் பிடிக்க, ஒவ்வொரு துணியின் கீழும் ஏழு பேரோ அதற்கு மேலோ பாடிக்கொண்டே நடந்தார்கள். அட்டிலாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒனகேசியஸின் வீடு வழியில் இருந்தது. அவருடைய மனைவி பணியாளர்களோடு உணவும் மதுவும் எடுத்து வந்து வரவேற்றாள். அவள் மனம் குளிர அட்டிலா குதிரைமேல் உட்கார்ந்தபடியே சாப்பிட்டான். கூட வந்தவர்கள் வெள்ளித் தட்டை அவன் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். பெரிய மரியாதை என்று எல்லோரும் புரிந்துகொள்ளும் காரியத்தை ஒரு வீட்டுத் தலைவிதான் முன்னின்று செய்கிறாள்.

சொந்த மகளையே மணந்தானா?

இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் ப்ரிஸ்கஸின் ஒரே ஒரு வாக்கியம். பயணத்தின் நடுவே அட்டிலா ஒரு கிராமத்துக்குப் பிரிந்து போனான், அங்கே ஒரு கல்யாணம். கிரேக்க மூலத்தை 'எஸ்காமின் மகளை' என்றும் படிக்கலாம், 'எஸ்காம் என்ற மகளை' என்றும் படிக்கலாம். இரண்டாவது படிப்பை எடுத்துக்கொண்டவர்கள் தன் மகளையே மணந்தான் என்றார்கள்.

எனக்கு முதல் படிப்புதான் சரியாகப் படுகிறது. ஏற்கெனவே பல மனைவிகள் இருந்தும் அவர்கள் வழக்கப்படி இவளையும் மணந்தான் என்று ப்ரிஸ்கஸ் அந்த இடத்தில் சொல்கிறார். அவர் விளக்கம் சொல்லத் தேவைப்பட்டது மனைவிகளின் எண்ணிக்கைக்குத்தான். அப்பா மகளை மணந்திருந்தால் ஒரு ரோமானியர் அதை இவ்வளவு சாதாரணமாகக் கடந்து போயிருப்பாரா?

பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டான்?

விருந்து மண்டபத்தில் இரண்டு முகமும் தெரிகிறது. அட்டிலா நடுவில் ஒரு மஞ்சத்தில் அமர்ந்திருந்தான். மூத்த மகன் அதே மஞ்சத்தில், ஆனால் அப்பாவை ஒட்டி உட்காராமல் ஓரத்தில், பயமரியாதையோடு தலை குனிந்தபடி இருந்தான். இன்னும் இரண்டு மகன்கள் எதிரே நாற்காலியில். விருந்தாளிகளுக்கு வெள்ளித் தட்டில் பலவகை உணவு. அட்டிலாவுக்கோ மரத்தட்டில் வெறும் இறைச்சி, குடிக்க மரக்கோப்பை.

அப்புறம் ஸெர்க்கோன் என்ற குள்ளக் கோமாளி வந்தான். லத்தீன், ஹூண மொழி, கோத்திய மொழி மூன்றையும் கலந்து உளறினான். மண்டபமே சிரித்து உருண்டது. அட்டிலா மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தான். அந்த நேரத்தில் கடைசி மகன் எர்னாக் உள்ளே வந்து பக்கத்தில் நின்றான். அட்டிலா அவன் கன்னத்தைப் பிடித்து அருகே இழுத்தான், கண்களில் கனிவு. மற்ற பிள்ளைகளைக் கண்டுகொள்ளாதவன் இவனை மட்டும் ஏன் இப்படி என்று ப்ரிஸ்கஸ் வியந்தபோது, பக்கத்தில் இருந்த, லத்தீன் தெரிந்த ஹூணர் ஒருவர் காதோடு சொன்னார்: அட்டிலாவின் குலம் வீழும், இந்தப் பையன்தான் அதைத் தூக்கி நிறுத்துவான் என்று குறிசொல்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோளும் சேர்ந்து வந்தது.

பாசம்தான், ஆனால் சோதிடமும் அதில் கலந்திருக்கிறது. சரி, அரச குடும்பங்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்போதுமே கஷ்டம்.

அட்டிலா மற்றவர்களின் கல்யாணத்திலும் தலையிட்டானாமே?

நிறையவே. அந்தக் கோமாளி ஸெர்க்கோன் முன்பு ப்ளேடாவின் செல்லப்பிள்ளை. ஒரு தடவை தப்பி ஓடிப் பிடிபட்டபோது, எனக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைக்கவில்லை, அதனால்தான் ஓடினேன் என்றான். ப்ளேடா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அரசியிடம் பணிசெய்து அவள் கோபத்துக்கு ஆளான உயர்குலப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தான். அந்தப் பெண்ணின் நிலைமையைப் பற்றி எந்த ஆசிரியரும் கவலைப்படவில்லை. ப்ளேடா செத்ததும் அட்டிலா ஸெர்க்கோனை மட்டும் மேற்கு ரோமானியத் தளபதி ஏட்டியஸுக்குப் பரிசாக அனுப்பிவிட்டான். 449 விருந்துக்கு அவன் வந்திருந்தது மனைவியைத் திரும்பக் கேட்கத்தான். அட்டிலா தரவில்லை.

இன்னொருவர் கான்ஸ்டன்டியஸ், ஏட்டியஸ் அனுப்பிவைத்த எழுத்தர். கிழக்குப் பேரரசோடு சமாதானத்துக்கு உதவினால் பணக்காரப் பெண்ணை மணம் முடித்துத் தருவதாகத் தியோடோசியஸ் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பார்த்து வைத்த பெண், சாட்டர்னினஸ் என்பவரின் மகள். ஸீனோ என்ற தளபதி அவளைக் கவர்ந்துபோய்த் தன் நண்பன் ரூஃபஸுக்கு நிச்சயம் செய்துவிட்டார். கான்ஸ்டன்டியஸ் அட்டிலாவிடம் முறையிட்டார். அட்டிலா பேரரசருக்கு ஆள் அனுப்பினான்: சொன்ன பெண்ணைக் கொடு, உன் ஆட்களை உன்னால் அடக்க முடியவில்லை என்றால் சொல், நான் துணைக்கு வருகிறேன். கடைசியில் வேறொரு பணக்கார விதவையைக் கட்டிவைத்துத்தான் பேரரசு இந்த வழக்கை முடித்தது. எழுத்தர் ஒருவரின் கல்யாணம் இரண்டு அரசுகளின் பேச்சுவார்த்தையில் ஒரு விஷயமாகவே ஆகிப்போனது. இதைத் தெரிந்துகொண்டால் ஹொனோரியா கதை அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

ஹொனோரியா யார்? அவள் அட்டிலாவைக் காதலித்தாளா?

யூஸ்டா க்ராட்டா ஹொனோரியா, மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியனின் அக்கா. அரச குலத்துப் பெண்களுக்கு உரிய அகஸ்டா என்ற பட்டமும் அவளுக்கு இருந்தது. தன் சொத்துகளை நிர்வகித்த யூஜீனியஸ் என்பவனோடு அவளுக்கு உறவு ஏற்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் அவனுக்கு மரண தண்டனை. அவளுக்கு ஹெர்குலானஸ் என்ற செனட்டரை மாப்பிள்ளையாக நிச்சயித்தார்கள். அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அரியணைக்கு ஆசைப்பட மாட்டார் என்ற நம்பிக்கை.

ஹொனோரியா ஹையாசிந்தஸ் என்ற அரண்மனை அலியைப் பணத்தோடு அட்டிலாவிடம் அனுப்பினாள். என்னைக் காப்பாற்று என்பது செய்தி. செய்தி அவளுடையதுதான் என்று அவன் நம்புவதற்காகத் தன் மோதிரத்தையும் கொடுத்தனுப்பினாள். காதல் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. தம்பியை மிரட்டக்கூடிய பலம் அன்றைக்கு யாரிடம் இருந்ததோ அவனிடம் உதவி கேட்டாள். அவள் அம்மா கால்லா ப்ளசிடியாவை கோத்தியர்கள் சிறைபிடித்துப் போனதும், 414இல் நார்பானில் கோத்திய அரசன் அதாவுல்ஃபையே அவள் மணந்துகொண்டதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 'நாகரிகமில்லாதவன்' ஒருவனோடு இளவரசிக்குக் கல்யாணம் என்பது அந்தக் குடும்பத்துக்கு முன்பின் தெரியாத சங்கதி ஒன்றுமில்லை.

வாலன்டினியன் ஹையாசிந்தஸைச் சித்திரவதை செய்து, விவரம் கறந்து, தலையை வெட்டினார். கிழக்கே இருந்த தியோடோசியஸோ, அவளை அட்டிலாவிடமே அனுப்பிவிடு என்று யோசனை சொன்னார். ஹொனோரியாவின் உயிரைக் காப்பாற்றியது அம்மா. ப்ளசிடியா விடாமல் கெஞ்சியதால் மகளை அவளிடமே ஒப்படைத்தார்கள். 450 நவம்பரில் ப்ளசிடியா இறந்துபோனாள். அதன் பிறகு ஹொனோரியாவும் பதிவுகளிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

அட்டிலா அவளை உண்மையிலேயே விரும்பினானா?

அவன் கேட்ட சீதனத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்: மேற்குப் பேரரசில் பாதி. அப்பா கான்ஸ்டன்டியஸ் (மேலே வந்த எழுத்தர் அல்ல, வேறொருவர்) வழியாக அவளுக்கு வரவேண்டிய பங்கைத் தம்பி பேராசையால் பிடுங்கிக்கொண்டான் என்பது அவன் வாதம். அவள் எனக்கு நிச்சயிக்கப்பட்டவள், இதோ மோதிரம் என்று தூதர்கள் கையில் சாட்சியையும் கொடுத்தனுப்பினான். ரோமானியர் சொன்ன பதில்: அவள் ஏற்கெனவே வேறொருவருக்கு உரியவள், தவிர ஆட்சியுரிமை ஆண்களுக்குத்தான், பெண்களுக்குக் கிடையாது.

ஆட்சியைக் குடும்பச் சொத்தாகப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் பிறந்தவன் அட்டிலா. மனைவியின் பங்கைக் கேட்பது அவனுக்கு நியாயமாகவே பட்டிருக்கலாம். ஆனால் 451இல் அவன் கால் நாட்டுக்குள், அதாவது இன்றைய பிரான்சுக்குள், படையெடுத்ததற்கு ஹொனோரியா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிழக்கே புதிய பேரரசர் மார்சியன் கப்பத்தை நிறுத்திவிட்டார். பிராங்கு இளவரசர் இருவருக்குள் வாரிசுச் சண்டை. வண்டல் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக்கும் தூண்டிவிட்டான் என்கிறார் யோர்தானஸ். அதன் பின்னணியும் ஒரு கல்யாணம்தான்: கெய்செரிக் தன் மருமகளான கோத்திய இளவரசியின் மூக்கையும் காதையும் அறுத்து அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தான்; சம்பந்தி பழிவாங்க வருவாரோ என்ற பயத்தில் அட்டிலாவை அந்தப் பக்கம் திருப்பிவிடப் பார்த்தான்.

கட்டலோனியச் சமவெளிப் போரில் அட்டிலா தடுத்து நிறுத்தப்பட்டான். அடுத்த ஆண்டு இத்தாலிக்குள் வந்து அக்விலேயா நகரத்தை அழித்தான். போப் முதலாம் லியோ உள்ளிட்ட தூதுக்குழுவைச் சந்தித்த பிறகு திரும்பிப் போகும்போதுகூட, ஹொனோரியாவை அவள் பங்கோடு அனுப்பாவிட்டால் இதைவிட மோசமாகத் திரும்பி வருவேன் என்று மிரட்டிவிட்டுத்தான் போனான்.

இல்டிகோ? கல்யாண ராத்திரியில் என்ன நடந்தது?

453இல் இல்டிகோ என்ற மிக அழகான பெண்ணை மணந்தான். பெயர் ஜெர்மானியப் பெயர் போலத் தெரிகிறது. அவன் கீழ் இருந்த ஜெர்மானிய இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவளாக இருக்கலாம். ப்ரிஸ்கஸை ஆதாரமாக வைத்து யோர்தானஸ் சொல்வது இது: விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்து மல்லாந்து தூங்கினான். வழக்கமாக மூக்கில் வழியும் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. மறுநாள் வெகுநேரம் ஆகியும் அரசன் எழுந்து வராததால், பணியாளர்கள் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்தார்கள். உடம்பில் காயம் இல்லை. முகத்திரைக்குள் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள் மணப்பெண்.

வீரர்கள் தலைமுடியை வெட்டி, முகத்தைக் கீறிக்கொண்டார்கள். மாவீரனுக்குப் பெண்களின் கண்ணீர் போதாது, ஆண்களின் ரத்தம் வேண்டுமாம். பட்டுக் கூடாரத்தில் உடலைக் கிடத்தி, சுற்றிக் குதிரையோட்டி, அவன் புகழைப் பாடினார்கள். பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று பேழைகளில் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்து, குழி வெட்டியவர்களைக் கொன்றுவிட்டார்கள். கல்லறை இன்றுவரை கிடைக்கவில்லை.

இல்டிகோ கொலை செய்திருப்பாளா?

ஒரு பெண்ணின் கையால், கத்தியால் செத்தான் என்று மார்செலினஸ் என்பவர் எழுதினார். அவர் எழுதியது கான்ஸ்டாண்டிநோபிளில், சம்பவத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ரத்தம் கக்கிச் செத்ததாகவும் சிலர் சொல்கிறார்கள் என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். ப்ரிஸ்கஸ் அதே காலத்தவர், ஹூணர்களை நேரில் அறிந்தவர். அவர் பக்கம்தான் நான் சாய்வேன். அரசன் உடம்பில் ஒரு கீறல் இருந்திருந்தாலும் அந்த அறையிலிருந்து மணப்பெண் உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டாள்; அப்படி ஒரு பழிவாங்கல் நடந்ததாக யாரும் எழுதவில்லை.

கதைகளுக்குக் கொலைதான் பிடித்தது. வடக்கத்திய நாடுகளின் பழங்கதையில் குட்ரூன், தன் சகோதரர்களைக் கொன்ற கணவன் அட்லிக்கு (அட்டிலாவுக்கு அங்கே அதுதான் பெயர்) அவன் பிள்ளைகளையே சமைத்துப் போட்டுவிட்டு அவனையும் கொல்கிறாள். ஜெர்மானியக் காவியத்தில் அவன் பெயர் எட்சல், அங்கே கிரிம்ஹில்ட் அவனுடைய இரண்டாம் மனைவி. முதல் மனைவியின் பெயர் ஹெல்ஹே. நம் ஹெரேக்காதான் 700 ஆண்டு கழித்து அந்தப் பெயரில் அங்கே எட்டிப் பார்க்கிறாள் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அவனுக்குப் பிறகு மகன்கள் ஏன் ஆட்சியைக் காப்பாற்றவில்லை?

மகன்கள் மிக அதிகம். ஒரு தனி இனம் என்றே சொல்லிவிடலாம், அத்தனை பேர் என்று கிண்டலாக எழுதுகிறார் யோர்தானஸ். வாரிசு இன்னார் என்று முடிவாகவில்லை. ஆளப்பட்ட இனங்களைச் சீட்டுப் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்ள மகன்கள் முனைந்தார்கள். தத்தம் அரசர்களோடு இருந்த மக்களை வீட்டு அடிமைகளைப் போலப் பங்கு பிரிப்பதா என்று கொதித்தார் கெபிட் என்ற இனத்தின் அரசர் அர்டாரிக். அட்டிலா மிகவும் நம்பிய ஆலோசகர் அவர்தான். 454இல் பன்னோனியாவில் நெடாவோ ஆற்றங்கரையில் போர். மூத்தவன் எல்லாக் அதில் செத்தான். எல்லோரையும்விட அட்டிலா அதிகம் நேசித்தது எல்லாக்கைத்தான் என்று யோர்தானஸ் சொல்கிறார். கன்னத்தைப் பிடித்து இழுத்த எர்னாக்கை நேரில் பார்த்தவர் ப்ரிஸ்கஸ். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவன் பட்டத்துக்கு, ஒருவன் மடிக்கு.

டெங்கிசிக் என்ற இன்னொரு மகன் ரோமானியரோடு தொடர்ந்து மோதி 469இல் கொல்லப்பட்டான். தலையைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுவந்து கம்பத்தில் செருகி வைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. குலத்தைத் தூக்கி நிறுத்துவான் என்று குறி சொல்லப்பட்ட எர்னாக், ரோமானிய எல்லைக்குள், இன்றைய ருமேனியாவின் டொப்ரூஜா பக்கம் சத்தமில்லாமல் குடியேறிவிட்டான்.

இந்தியாவுக்கு வந்த ஹூணர்களும் இந்தக் குடும்பமா?

இல்லை. ஸ்கந்தகுப்தர் ஹூணர்களோடு போரிட்டது ஏறக்குறைய நெடாவோ போர் நடந்த அதே காலம்தான். தோரமாணன், அவன் மகன் மிகிரகுலன் எல்லாம் அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து வந்தவர்கள். அவர்கள் மத்திய ஆசியா வழியாக வந்தவர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் தொலைதூர உறவு உண்டா என்ற வாதம் அறிஞர்களிடையே ஓய்ந்தபாடில்லை, ஆனால் அட்டிலாவின் வம்சத்தோடு அவர்களை இணைக்கும் சான்று கிடையாது.

அட்டிலாவின் வாரிசுகள் இன்று இருக்கிறார்களா?

உரிமை கொண்டாடியவர்கள் உண்டு. பல்கேரிய அரசர்களின் பழைய பட்டியலில் இரண்டாவது பெயர் இர்னிக். அது எர்னாக்கேதான் என்பது பலரின் கருத்து. ஹங்கேரியின் ஆர்பாட் அரச குலம் அட்டிலாவைத் தன் மூதாதையாகச் சொல்லிக்கொண்டது. 1280களில் எழுதிய கேசா ஊர் சைமன் ஒரு படி மேலே போய், ரோமானியப் பேரரசர் ஹொனோரியஸின் மகளுக்கும் அட்டிலாவுக்கும் ச்சாபா என்று ஒரு பிள்ளை பிறந்ததாகக் கதை சொன்னார். ஹொனோரியஸுக்குப் பிள்ளையே கிடையாது. அவர் ஹொனோரியாவுக்குத் தாய்மாமன். இவற்றைவிடக் கொஞ்சம் உறுதியாக நிற்பது முண்டோ என்பவனின் பெயர். அட்டிலாவின் வழிவந்தவன் என்று யோர்தானஸ் குறிப்பிடும் இவன், பேரரசர் ஜஸ்டினியனின் தளபதியாகி 532இல் கான்ஸ்டாண்டிநோபிளில் வெடித்த நிக்கா கலவரத்தை அடக்கிய முண்டஸ்தான் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்.